நிலப்பெயரும் குழுவின் பெயரும்: அரசியலார் பெயரில் அமையும் ஊர்க்குறியும் கட்சிக்குறியும்

ஒருவரைப் பெயரால் சுட்டுங்கால் அவர் எந்நிலத்தார், எக்குழுவினர் என்பனவற்றையும் உடன் சுட்டுதல் பல நாடுகளிலும் காணப்பெறும் வழக்காகும். இக்காலத்து அரசியல் எழுத்தில் இவ்வழக்கு மிகச் சுருங்கிய வடிவம் பெற்றுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செய்தித்தாள்கள் சட்டப் பேரவை உறுப்பினர் ஒருவரின் பெயரை எழுதிய அளவிலே ஓர் எழுத்தையும், ஒரு சிறு கோட்டையும், ஒரு மாநிலத்தின் சுருக்கத்தையும் அடுத்து எழுதும். ‘டி’ எனின் ஜனநாயகக் கட்சி. ‘ஆர்’ எனின் குடியரசுக் கட்சி. ‘ஐ’ எனின் இரண்டையும் சாராதவர். இவ்வளவே அக்குறி. எனினும் படிப்பவர் அதனைக் கொண்டே அவ்வுறுப்பினர் யார் பக்கம் நிற்பவர், யாருக்கு விடை சொல்ல வேண்டியவர் என்பவற்றை உணர்ந்து கொள்கின்றனர்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வெளிவரும் இதழ்களில் (தி.மு.க.), (காங்.), (சுயே.) என அடைப்புக்குறிக்குள் வரும் எழுத்துகள் நாம் நாளும் காண்பன. பெயரின் முன்னே நிற்கும் எழுத்துகளோ அவற்றினும் பழகியவை. இவ்விருவகைக் குறிகளும் தமிழ்ப் பெயரிலக்கணத்தோடு எவ்வாறு பொருந்துகின்றன, அவை எதனை உணர்த்துகின்றன, எதனை மறைக்கின்றன என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். அண்மைக்கால வரலாற்றையும் இலக்கியத்தையும் ஆராய்வோர்க்கு இவ்வாராய்ச்சி பயன் தருவதாகும். குறியைப் பிறழ உணர்ந்தவர் ஆளையே பிறழ உணர்வர் ஆகலின் என்க.

1. தொல்காப்பியர் வகுத்த நெறி

தொல்காப்பியர் சொல்லதிகாரப் பெயரியலில் உயர்திணைப் பெயர்களைத் தொகுத்து உரைக்கும் இடத்து முதற்கண் நிலப்பெயரை வைக்கின்றார். அதனை அடுத்துக் குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர், உடைப்பெயர், பண்புகொள் பெயர் முதலியன வருகின்றன. நிலப்பெயர்க்கு அருவாளன், சோழியன் போல்வனவற்றையும், குழுவின் பெயர்க்கு அவையத்தார், அத்திகோசத்தார் போல்வனவற்றையும், உடைப்பெயர்க்கு அம்பர்கிழான், பேரூர்கிழான் போல்வனவற்றையும் உரைமரபு எடுத்துக்காட்டும்.

இவ்வரிசையில் நாம் கருதத்தக்கன இரண்டு. முதலாவது, ஊரும் குழுவும் பெயருக்கு வெளியே நின்று அடை கொடுப்பன மட்டும் ஆகா. அவை தாமே பெயராம் தகுதி உடையன என்பது. சோழியன் என்றால் ஒருவனது நாடு அறியப்படும்; அதுவே அவனை அழைக்கும் பெயராகவும் நிற்கும். இரண்டாவது, நிலப்பெயரும் உடைப்பெயரும் வேறு வேறாக வகுக்கப்பெற்றுள்ளன என்பது. அருவாளன் அருவாநாட்டில் தோன்றியவன்; அம்பர்கிழான் அம்பரின்கண் உரிமை உடையவன். இரண்டிலும் ஊரோ நாடோ பெயரில் வந்தமைகின்றது. ஆயினும் முன்னது பிறப்புத் தொடர்பையும் பின்னது உரிமைத் தொடர்பையும் உணர்த்தும். இவ்வேறுபாட்டை மறந்தமையே இக்காலக் குறிகளைப் பற்றிய மயக்கத்திற்குப் பெரிதும் காரணம் என்பது இனி விளங்கும்.

2. பண்டைச் சான்றுகள்

மதுரைக்கு அண்மையில் உள்ள மாங்குளம் குகைக் கல்வெட்டுகளில் வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார் குறிக்கப்பெறுகின்றனர். நிகமம் என்பது வணிகர் குழு. தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றாகிய இதனை ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டிற்கு உரியது எனக் கணித்தார். ஊரும் குழுவும் ஒருசேர நின்று சிலரை இன்னார் எனக் காட்டும் முறை, தமிழ் எழுத்தின் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சங்கப் புலவர் பெயர்களை நோக்கின் ஊர்ப்பெயரின் தொழில் மேலும் விளங்கும். ஆவூர் மூலங்கிழார், ஒக்கூர் மாசாத்தியார், மாங்குடி மருதனார், கச்சிப்பேட்டு நன்னாகையார் என வரும் பெயர்களில் ஊர் முதலில் நிற்கின்றது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்பதில் ஊரோடு அமையாது சேரியும் கூறப்பெறுகின்றது. நாகன், மருதன், கீரன் முதலிய இயற்பெயர்கள் பலர்க்கும் பொதுவாய் வழங்கினமையின் ஒருவரை மற்றொருவரின் வேறுபடுத்த ஊர் தேவைப்பட்டது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற பெயரில் ஊரும் தந்தையும் இயற்பெயரும் இம்முறையே அமைந்துள்ளன. இன்று நாம் எழுதும் ‘ஊர், தந்தை, தன்பெயர்’ என்னும் வரிசையின் விரிந்த வடிவம் இதுவே. கோவூர் கிழார் என்பதிலோ இயற்பெயரே இல்லை. உடைப்பெயரே பெயராகி நிலைத்தது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இம்முறை இன்னும் விரிவு பெறுகின்றது. ஓர் அதிகாரியையோ கொடையாளரையோ சுட்டுங்கால் இன்ன வளநாட்டு, இன்ன நாட்டு, இன்ன ஊர் உடையான், இன்ன பெயரினனாகிய இன்ன மூவேந்த வேளான் எனப் படிப்படியாகக் கூறுவர். நிலமும் உடைமையும் பதவியும் ஒரே பெயரில் அடங்குகின்றன. கல்லில் எழுத்துப் பொறித்தல் எளிய செயல் அன்று. எனினும் ஊர்ப்பெயரைக் கல்வெட்டுகள் விரித்தே எழுதின. நிலவுரிமைக்கும் கொடைக்கும் சான்றாக நிற்க வேண்டிய பெயராதலின், படிப்போர்க்கு ஐயம் எழாதவாறு எழுதப்பெற்றது எனக் கொள்ளலாம்.

3. முன்னெழுத்தில் ஒடுங்கிய ஊர்

அச்சும் அலுவலகமும் பள்ளிப் பதிவேடும் பெருகிய பின்னர் இவ்விரிவு சுருங்கியது. ஊர் ஓர் எழுத்தாயிற்று. தந்தை ஓர் எழுத்தாயினார். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர் உ.வே.சா. ஆனார். ஈரோடு வெங்கட்ட இராமசாமி ஈ.வெ.ரா. ஆனார். மயிலாப்பூர்ப் பொன்னுசாமி சிவஞானம் ம.பொ.சி. ஆனார். இவற்றில் முதலெழுத்து நிலப்பெயரின் எச்சம் ஆகும்.

இவ்வெச்சம் எவ்வகை நிலத்தைக் காட்டுகின்றது என்பது ஆராயத்தக்கது. திரு.வி.க. என்னும் பெயரில் ‘திரு’ என்பதனை மதிப்புச் சொல் என மயங்குவார் உளர். அது திருவாரூரைக் குறிக்கும். ஆயின் கலியாணசுந்தரனார் 1883இல் பிறந்தது சென்னைக்கு அண்மையில் உள்ள துள்ளம் என்னும் சிற்றூரில். திருவாரூர் அவர்தம் முன்னோர் ஊர். எனவே முன்னெழுத்தில் நிற்கும் ஊர் ஒருவர் பிறந்த ஊராகவும் இருக்கலாம்; குடி தோன்றிய ஊராகவும் இருக்கலாம். எம்.ஜி.ஆர். என்பதன் ‘எம்’ மருதூர். அவர் பிறந்ததோ இலங்கையில் உள்ள கண்டி. முன்னெழுத்து மட்டும் கொண்டு வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோர் இடர்ப்படுவர் என்பது இதனால் பெறப்படும்.

மற்றுமொரு சிக்கல் எழுத்தின் மொழியைப் பற்றியது. சி.என். அண்ணாதுரை என்பதில் ‘சி’ காஞ்சிபுரத்தைக் குறிக்கும். காஞ்சிபுரத்திற்கும் ‘சி’ என்னும் தமிழெழுத்திற்கும் முதலெழுத்துத் தொடர்பு இல்லை. ஆங்கிலேயர் அவ்வூரைக் காஞ்சீவரம் எனத் திரித்துத் தம் எழுத்தில் எழுதினர். அவ்வெழுத்தின் பெயரே ‘சி’. ஆகவே தமிழில் எழுதப்பெறும் இம்முன்னெழுத்து, தமிழ் ஊரை ஆங்கில வழியாகச் சுற்றிவந்து சுட்டுகின்றது. கா.ந. என எழுதுவாரும் உளர்; எனினும் சி.என். என்பதே பெருவழக்கு. அடுத்த தலைமுறையினர் ‘சி’ என்பதனைச் சிதம்பரம் எனவோ சின்னசாமி எனவோ விரிப்பினும் தடுப்பதற்கு அவ்வெழுத்தில் யாதொன்றும் இல்லை.

தமிழுக்கு இயல்பான சுருக்கம் வேறொன்று உண்டு. அதுவே நன்னூலார் இயல்பு வழக்கினுள் வைத்த மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை ஆகும். திருநெல்வேலி நெல்லை ஆகும். மயிலாப்பூர் மயிலை ஆகும். புதுச்சேரி புதுவை ஆகும். மரூஉ சுருங்கியும் சொல்லாகவே நிற்கின்றது, வேற்றுமை ஏற்கின்றது, செவிக்கும் இனிது, ஊரையும் மறைப்பதில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி என்னும் அறிஞர் பெயரில் ஊர் மரூஉவாகவும் தந்தை பெயர் சுருக்கமாகவும் நிற்றலை ஒப்புநோக்குக. ஓமந்தூரார் என ஊரே பெயரானமையும் இவ்வகையினது. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய ஓ.பி. இராமசாமி ரெட்டியாரை ஓ.பி. என்னும் எழுத்துகளால் நினைப்போர் இன்று சிலரே; ஓமந்தூரார் எனின் அறியாதார் இலர். கோவூர் கிழார் என்னும் பெயரமைப்பு இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தமைக்கு இஃது ஒரு சான்று.

எனினும் மரூஉவும் காலமும் சூழலும் அறிந்து கொள்ளத்தக்கதே. புதுவை எனின் வைணவ இலக்கியத்தில் வில்லிபுத்தூர். புதுவை சிவம் என்னும் பாவலர் பெயரில் புதுச்சேரி. பதிப்பாசிரியர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

4. பிறப்பின் ஊரும் பொறுப்பின் ஊரும்

இனி, பெயரின் பின்னே அடைப்புக்குறியில் வரும் ஊரை நோக்குவோம். இந்திய மக்களவையின் நடவடிக்கைக் குறிப்புகளில் உறுப்பினர் பெயரை அடுத்து அவருடைய தொகுதி எழுதப்பெறும். மாநிலங்களவைக் குறிப்புகளில் மாநிலம் எழுதப்பெறும். இங்கிலாந்து மக்கள் அவையில் ஒருவரையொருவர் இயற்பெயரால் விளிக்காது ‘இன்ன தொகுதியின் மாண்புமிகு உறுப்பினர்’ எனக் குறித்தலே மரபு. அங்கே தொகுதியே அவைப்பெயர் ஆகிவிடுகின்றது.

இவ்வூர் நிலப்பெயர் அன்று. ஹிலாரி கிளின்டன் பிறந்தது இல்லினாய் மாநிலத்துச் சிகாகோ நகரில். 2001 முதல் 2009 வரை செனட் அவையில் அவர் பெயரோடு நின்றது நியூயார்க். மன்மோகன் சிங் பிறந்த ஊர் இன்று பாகிஸ்தானைச் சார்ந்த பஞ்சாபில் உள்ளது. மாநிலங்களவையில் அவர் பெயரோடு 1991 முதல் 2019 வரை அசாம் நின்றது. பின்னர் இராஜஸ்தான் நின்றது. மாநிலங்களவை உறுப்பினர் அம்மாநிலத்து வாக்காளராகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி 2003இல் திருத்தத்தால் நீக்கப்பெற்றது. அத்திருத்தம் செல்லும் என 2006இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அடைப்புக்குறியில் உள்ள மாநிலத்தை ஒருவரின் சொந்த நாடு எனக் கொள்ளுதற்குச் சட்டத்தின் துணையும் இல்லை.

அண்ணாதுரையின் பெயரை மீண்டும் கருதுவோம். 1957இல் காஞ்சிபுரத்திலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1962இல் அதே காஞ்சிபுரத்தில் தோல்வியுற்று, மாநிலங்களவைக்குச் சென்னை மாநிலத்தின் உறுப்பினராகச் சென்றார். 1967இல் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்று, பின்னர் மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். இப்பத்தாண்டுகளில் பெயரின் பின் நின்ற ஊர் மூன்றாக வேறுபட்டது. முன்னெழுத்தில் நின்ற காஞ்சி மாறவே இல்லை. காஞ்சிபுரத்து வாக்காளர் அவரைக் கைவிட்ட ஆண்டிலும் ‘சி’ அவரைக் கைவிடவில்லை.

காமராசர் நிலை இதற்கு மறுதலை. அவருடைய முன்னெழுத்தாகிய ‘கே’ தந்தை குமாரசாமியைக் குறிக்கும். ஊர் பெயரில் இல்லை. ஆயின் அவர் பெயரின்பின் நின்ற ஊர்கள் பல: 1952இல் திருவில்லிபுத்தூர், 1954இல் குடியாத்தம், 1957இலும் 1962இலும் சாத்தூர், 1969இலும் 1971இலும் நாகர்கோவில். அவர் பிறந்த விருதுநகரோ 1967இல் அவரைத் தேர்ந்தெடுக்க மறுத்தது. பிறந்த ஊர் என்பதற்காக அடைப்புக்குறியில் இடம் கிடைப்பதில்லை. அதனை வாக்காளரே வழங்குகின்றனர்.

ஆகவே முன்னெழுத்தின் ஊர் நிலப்பெயரின் வழிவந்தது. அடைப்புக்குறியின் ஊர் உடைப்பெயரின் வடிவினது. ஆயினும் ஒரு பெருவேறுபாடு உண்டு. அம்பர்கிழான் அம்பரை உடையவன். குடியாத்தத்தின் உறுப்பினரோ குடியாத்தத்தை உடையவர் அல்லர். குடியாத்தமே அவரை உடையது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவ்வுடைமையை அவ்வூர் மீட்டுக் கொள்ளவும் வல்லது. மக்களாட்சி தமிழ் உடைப்பெயரின் பொருளைத் தலைகீழாக மாற்றியுள்ளது எனலாம். இலக்கண வடிவம் பழையது. அதனுள் அமைந்த உறவு புதியது.

5. கட்சிக்குறியின் எழுத்திலக்கணம்

கட்சியின் சுருக்கம் குழுவின் பெயர்க்குரிய இக்கால வடிவம். இதனை நன்னூலார் கூறும் குழூஉக்குறி எனக் கொள்ளல் ஆகுமோ எனின், ஆகாது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என வழங்குதல் போல, ஒரு குழுவினர் பிறர் அறியாவாறு தமக்குள் வழங்குவதே குழூஉக்குறி. கட்சிச் சுருக்கமோ பிறர் அறிதற்கென்றே சுவரிலும் கொடியிலும் எழுதப்பெறுவது.

தமிழ்ச் சுருக்கத்திற்கு ஆங்கிலச் சுருக்கத்திற்கு இல்லாத ஒரு சிறப்பு உண்டு. ஆங்கிலத்தில் மெய்யும் உயிரும் தனித்தனி எழுத்துகள். சொல்லின் முதலெழுத்தை எடுத்தால் பெரும்பாலும் மெய் மட்டுமே எஞ்சும். தமிழில் உயிர்மெய் ஒரே எழுத்து; ஆதலின் உயிரும் உடன் எஞ்சும். 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் சுருக்கமாகிய தி.மு.க. என்பதனைத் ‘திமுக’ என ஒரு சொல்லாக ஒலிக்க இயலும். திமுகவை, திமுகவின், திமுகவினர் என வேற்றுமையும் பன்மையும் ஏற்கும். ஆங்கிலச் சுருக்கமோ எழுத்துகளின் பெயர்களாகவே நின்றுவிடும்.

உயிர் எஞ்சுதலால் விளையும் பயன் ஒலியளவில் நில்லாது. புதுச்சேரி அரசியலில் ப. கண்ணன் 2001இல் புதுச்சேரி மக்கள் காங்கிரசையும், 2005இல் புதுச்சேரி முன்னேற்றக் காங்கிரசையும் தோற்றுவித்தார். ஆங்கிலத்தில் இரண்டும் பி.எம்.சி. என்ற ஒரே சுருக்கம் உடையன. தமிழில் ஒன்று பு.ம.கா.; மற்றொன்று பு.மு.கா. ஓர் உகரம் இரு கட்சிகளையும் பிரித்துக் காட்டுகின்றது. இவ்வாறே 1996இல் மூப்பனார் தோற்றுவித்த தமிழ் மாநிலக் காங்கிரசும் 1998இல் வங்கத்தில் தோன்றிய திரிணமூல் காங்கிரசும் ஆங்கிலச் சுருக்கத்தில் ஒன்றுபடும், த.மா.கா. எனின் மயக்கம் இல்லை.

எனினும் தமிழ்ச் சுருக்கமும் குறையற்றது அன்று. அதன் இறுதியில் வரும் ‘க’ இரு சொற்களை மறைக்கின்றது. தி.மு.க., ம.தி.மு.க., தே.மு.தி.க. என்பனவற்றில் ‘க’ கழகம், பா.ம.க., பா.ஜ.க., வி.சி.க. என்பனவற்றில் அதுவே கட்சி. கழகம் என்னும் சொல் திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறித்தது. பின்னர் கற்றோர் கூடும் அவையையும், இருபதாம் நூற்றாண்டில் அரசியல் இயக்கத்தையும் குறிக்கலாயிற்று. இச்சொல் தன்னகத்தே ஒரு நீண்ட வரலாற்றை உடையது. ஓர் இயக்கம் தன்னைக் கட்சி எனாது கழகம் எனப் பெயரிட்டுக் கொண்டமை பொருளுடைய செயல். ‘க’ என்ற ஓரெழுத்து அச்செயலை அழித்துவிடுகின்றது. இதுபோலவே அ.இ.அ.தி.மு.க. என்பதில் முதல் அகரம் ‘அனைத்து’. மூன்றாம் எழுத்தாகிய அகரம் ‘அண்ணா’. ஒரே எழுத்து ஒரே சுருக்கத்தில் இருவேறு சொற்களுக்கு நிற்கின்றது.

6. புதுச்சேரி காட்டும் சிறப்புநிலை

ஊர்க்குறியும் கட்சிக்குறியும் எவ்வளவு உணர்த்தும், எவ்விடத்து மயங்கும் என்பதனை அறியப் புதுச்சேரியினும் ஏற்ற இடம் அரிது. முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இப்பகுதி 1954 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. இன்று புதுச்சேரி என்னும் ஒரே பெயர் நகரையும், அந்நகரைச் சூழ்ந்த பகுதியையும், ஒன்றிய ஆட்சிப்பகுதி முழுவதையும் குறிக்கின்றது. அவ்வாட்சிப்பகுதியின் ஏனைய நிலங்களாகிய காரைக்கால் தெற்கே சோழ நாட்டுக் கடற்கரையிலும், மாகே கேரளத்தின் மேலைக் கடற்கரையிலும், ஏனாம் ஆந்திரத்திலும் உள்ளன. நாடாளுமன்றத்தின் ஈரவையிலும் இப்பகுதிக்கு ஒவ்வோர் இடமே உண்டு. ஆகவே மலையாளம் பேசும் மாகேயினரும் தெலுங்கு பேசும் ஏனாமினரும் அங்குச் செல்லின் ‘புதுச்சேரி’ என்றே குறிக்கப்பெறுவர். அமெரிக்க முறையில் மாநிலச் சுருக்கம் எழுதினும் அவருடைய நிலம் விளங்காது. முப்பது இடங்களை உடைய சட்டமன்றத்தில்தான் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகேக்கு 1, ஏனாமுக்கு 1 எனப் பிரிவு தோன்றுகின்றது.

புதுச்சேரிப் பகுதியும் தொடர்ந்த நிலம் அன்று. நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டினுள் புகுவர். காலாப்பட்டில் மீண்டும் புதுச்சேரிக்குள் வருவர். கனகசெட்டிக்குளத்தைக் கடந்ததும் மறுபடியும் தமிழ்நாட்டை அடைவர். கனகசெட்டிக்குளத்தார் ஒருவர் சட்டமன்றம் சென்றால் அவர் பெயரின்பின் தொகுதியாகிய காலாப்பட்டு நிற்கும். நாடாளுமன்றம் சென்றால் புதுச்சேரி நிற்கும். கனகசெட்டிக்குளம் எங்கும் நில்லாது. முன்னெழுத்தாகவேனும் அவ்வூரை அவர் காக்க விரும்பின் ‘க.’ என எழுத வேண்டும். அண்டையூராகிய கணபதிசெட்டிக்குளத்திற்கும் ‘க.’ என்பதே முன்னெழுத்து. மனிதர் பெயரைத் தன்னுள் தாங்கிய அமைப்பினை உடைய ஊர் அது. மனிதர் ஒருவர் பெயரில் தான் இடம்பெறும்போது முழுப்பெயரையும் இழந்து ஓரெழுத்தாகின்றது.

கட்சிக்குறிக்கும் புதுச்சேரி ஓர் அரிய எடுத்துக்காட்டைத் தருகின்றது. ந. ரங்கசாமி காங்கிரசை விட்டு நீங்கி 2011இல் அகில இந்திய என்.ஆர். காங்கிரசைத் தோற்றுவித்தார். ‘என்.ஆர்.’ என்பதற்கு ‘நமது ராஜ்யம்’ என விரிவு கூறப்பெற்றது. அவ்விரண்டு எழுத்துகளே தலைவர் பெயரின் முதலெழுத்துகளாகவும் அமைந்தமை யாவரும் அறிந்தது. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று உண்டு. இச்சுருக்கத்தைத் தமிழ் எழுத்துகளால் எழுதினால் நமது ராஜ்யம் ‘ந.ரா.’ ஆகும், ந. ரங்கசாமி ‘ந.ர.’ ஆவார். குறிலும் நெடிலும் இரண்டையும் பிரித்துவிடும். ஆங்கில எழுத்துப் பெயர்களைக் கொண்டமையாலேயே குழுவின் பெயரும் தனிமனிதர் பெயரும் ஒரே வடிவில் இணைய இயன்றது. சுருக்கம் என்பது இடச் சிக்கனத்திற்காக மட்டும் அமைவது அன்று. இருபொருள் தாங்கும் சிலேடையாகவும் அது பணிபுரிய வல்லது.

2021ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தட்டாஞ்சாவடியிலும் ஏனாமிலும் நின்றார். தட்டாஞ்சாவடி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஏனாம் ஒரு சுயேச்சை வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. ஆட்சிப்பகுதி முழுமைக்கும் தலைமை ஏற்பவராயினும் அடைப்புக்குறியில் எழுதத்தக்க ஊர் எது என்பதனை அவ்வவ்வூர் மக்களே முடிவு செய்தனர்.

ஊரே இல்லாத உறுப்பினரும் அச்சட்டமன்றத்தில் உண்டு. ஒன்றிய அரசு மூவரை நியமிக்கலாம் என்பது 1963ஆம் ஆண்டுச் சட்டம். அவர்கள் பெயரின்பின் தொகுதி எழுதுதற்கு இடமில்லை. 2017இல் நியமனம் பெற்ற மூவரைப் பற்றி எழுந்த வழக்கில், நியமனம் செல்லும் எனவும் அவர்கட்கு வாக்குரிமை உண்டு எனவும் 2018இல் உச்சநீதிமன்றம் முடிவு கூறியது. ஊர்க்குறி இன்றிக் கட்சிக்குறி மட்டும் உடைய உறுப்பினரின் வாக்கு ஓர் ஆட்சியின் நிலைபேற்றையே தீர்மானிக்கக்கூடும் என்னும் நிலை அங்கு உண்டாயிற்று. அவ்வுறுப்பினர் எவ்வூர்க்கு விடை சொல்வர் என்னும் வினாவை வெற்றிடமாகிய அவ்வடைப்புக்குறியே எழுப்புகின்றது.

7. காலம் என்னும் மூன்றாவது உறுப்பு

ஊரும் கட்சியும் சரியாக எழுதப்பெற்ற போதும் குறி பொய்யாகலாம். அதற்குக் காரணம் காலம் கூறாமை. ஈ.வெ.கி. சம்பத்தின் பெயரில் ஈரோடு என்றும் மாறாது நின்றது. கட்சியோ 1961வரை தி.மு.க.; அவ்வாண்டில் அவர் தோற்றுவித்த தமிழ்த் தேசியக் கட்சி; 1964 முதல் காங்கிரசு. இவற்றுள் ஒன்றை மட்டும் அடைப்புக்குறியில் இட்டால் ஏனைய இரண்டும் மறைந்துவிடும்.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. முதன்முறையாகப் போட்டியிட்டது. தேர்தல் ஆணையத்தின் ஏற்பு அப்போது அதற்குக் கிடைக்கவில்லை. ஆகவே அதன் வேட்பாளர்கள் ஆணையத்தின் பதிவுகளில் சுயேச்சையராகவே காணப்பெறுகின்றனர். காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணாதுரையும் நாமக்கல்லில் வென்ற சம்பத்தும் அப்பதிவின்படி எக்கட்சியும் சாராதவர்! அரசு ஆவணம் ஆதலின் பிழையாகாது என நம்பி அதனை அவ்வாறே எடுத்தெழுதும் ஆராய்ச்சி மாணவர், ஓர் இயக்கத்தின் முதல் தேர்தலையே வரலாற்றிலிருந்து நீக்கிவிடுவர். ஆவணம் பொய் கூறவில்லை. அது சட்டத்தின் கண்கொண்டு கூறியது. அக்கண் எதனைக் காணும், எதனைக் காணாது என அறிந்தே அதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.

1985இல் நிறைவேறிய 52ஆவது அரசமைப்புத் திருத்தம் கட்சிக்குறிக்குச் சட்டவலிமை தந்தது. தம்மைத் தேர்தலில் நிறுத்திய கட்சியைத் தாமே துறந்த உறுப்பினர் பதவி இழப்பர். சுயேச்சையாக வென்றவர் பின்னர் ஒரு கட்சியிற் சேரினும் பதவி இழப்பர். அதற்கு முன்னர் அடைப்புக்குறியில் உள்ள எழுத்துகள் செய்தியாளர் தந்த விளக்கம். பின்னரோ அவை உறுப்பினரின் இருக்கையையே தாங்கும் தூண்கள்.

8. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிபுகள் இவை.

அரசியலார் பெயரோடு ஊரையும் குழுவையும் சுட்டுதல் தமிழுக்குப் பிறநாட்டிலிருந்து வந்த வழக்கு அன்று. தொல்காப்பியர் வகுத்த நிலப்பெயர், குழுவின் பெயர், உடைப்பெயர் என்பவற்றின் தொடர்ச்சியே அது. ஓரெழுத்தாகச் சுருக்குதலே புதியது.

முன்னெழுத்தில் நிற்கும் ஊர் பிறப்பையோ குடிவழியையோ உணர்த்தும். அடைப்புக்குறியில் நிற்கும் ஊர் பொறுப்பை உணர்த்தும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது.

சுருக்கம் எழுதுங்கால் ஆங்கில எழுத்துப் பெயரினும் தமிழ் உயிர்மெய்யே பொருளை மிகுதியும் காக்கும். ஊர்ப்பெயர்க்கு ஓரெழுத்தினும் மரூஉ சிறந்தது. ‘க’ எனச் சுருங்கும் கட்சிக்கும் கழகத்திற்கும் முதன்முறை வருமிடத்து முழுப்பெயர் எழுதுதல் இன்றியமையாதது.

ஆய்வேட்டிலும் பதிப்பிலும் பெயரடைவிலும் ஒருவரின் கட்சியையும் தொகுதியையும் குறிப்போர் ஆண்டையும் உடன் குறித்தல் வேண்டும். ‘காமராசர் (காங்கிரசு, சாத்தூர், 1957)’ என எழுதின் அது வரலாறு; ஆண்டை நீக்கின் அஃது ஒரு பட்டம் மட்டுமே.

இவ்வாறு எழுதுதலால் ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்கள் மிகும். தாள் சிறிது கூடும். கல்லில் உளி கொண்டு எழுதியவர்கள் வளநாடும் நாடும் ஊரும் விடாது பொறித்தனர். மையும் தாளும் உடைய நாம் அத்துணைச் சிக்கனம் காட்டுதற்குக் காரணம் இல்லை.